பெட்டகத்தின் நிழலில் ஐந்து மணி நேரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை சமூக அக்கறையில் பிறந்ததல்ல. நாற்பத்தைந்து விநாடி ஓடுகிற ஒரு செல்போன் வீடியோவில் பிறந்தது. அதில் என் தங்கையின் கணவர், அணுக்கழிவுப் பெட்டகம் ஏற்றிய டிரெய்லரின் நிழலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டயரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார். சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊரே திரண்டு நிற்கிறது. இந்தப் பக்கம் அவர் மட்டும். நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டு, கேமராவைப் பார்த்துக் கையசைக்கிறார். அந்தக் கையசைப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

வீடியோவைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி என் தங்கை. அன்றிலிருந்து பன்னிரண்டு நாட்களாக அவர் தன் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கவில்லை. அவள் தூக்க விடவில்லை. அவர் கைக்குக் குழந்தை திரும்பி வருமா வராதா என்பதுதான் இந்தக் கதையில் இருக்கிற கேள்வி. மற்றதெல்லாம் எழுதுகிறவள் நான் என்பதால் ஏறிக்கொண்ட சுமை.

முதல் வரியை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘பூமிக்கு அடியில், ஐந்நூறு மீட்டர் ஆழத்தில், மனிதன் தன் பாவங்களை’ — இதற்கு மேல் போகவில்லை. நல்லவேளை.

‘வெயில் கொளுத்திக்கொண்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை’ — எல்லாக் கதையிலும் வெயில் கொளுத்துகிறது. ஆனால் அன்று நிஜமாகவே கொளுத்தியது, என்ன செய்ய?

‘டிரெய்லர் வெடித்தபோது’ — வெடிக்கவில்லை. இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. அதற்காக வந்தவர்கள் இப்போதே கிளம்பலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான்காவது, மேலே நீங்கள் படித்தது.

2

நான் அணுக்கழிவைக் கொண்டுபோய்ப் புதைக்கிற நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பயப்படாதீர்கள், நான் எதையும் தொடுவதில்லை. நான் பதில் எழுதுகிறவள். பன்னிரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு.

வேலை இப்படி நடக்கும். பாதையோர ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவார்கள். உள்ளே நுழைகிற ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டையைக் கொடுத்து, கேள்வியை எழுதிப் பெட்டியில் போடச் சொல்வார்கள். பெட்டி என் மேசைக்கு வரும். ஒரே சாயல் உள்ள கேள்விகளை நான் ஒன்றாகச் சேர்ப்பேன். திட்டை எடுப்பேன், கோபத்தை எடுப்பேன், ஆச்சரியக்குறிகளை எடுப்பேன். பிறகு பொறியாளர்கள் பதில் தருவார்கள். அதை ஆள் புரிந்துகொள்கிற தமிழில் எழுதிப் புத்தகமாக்குவேன். சென்ற தடவை வந்த நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் முப்பது கேள்விகளாயின.

உதாரணம் வேண்டுமா? அட்டையில் இருந்தது: ‘உங்க குப்பைய எங்க தலையில ஏன் கொட்டுறீங்க? உங்க வீட்டுக்குப் பின்னாடி குழி தோண்ட வேண்டியதுதான!’ புத்தகத்தில் வந்தது: ‘புதைப்பதற்கான இடம் எந்த அடிப்படையில் தேர்வு செய்யப்பட்டது?’

அட்டையில் இருந்தது: ‘பூகம்பம் வந்து எல்லாம் மேல வந்துட்டா எந்த மந்திரி வந்து பொறுக்குவாரு?’ புத்தகத்தில் வந்தது: ‘சுரங்கம் நில அதிர்வைத் தாங்குமா?’

வெளியே இருப்பவர்கள் இதைப் பூசி மெழுகுவது என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் இதற்குத் ‘தொகுத்தல்’ என்று பெயர். எனக்கு இதில் நல்ல பேர் உண்டு.

அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று என் தங்கையின் கையெழுத்தில் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டப் பழகியவள், எனக்குத் தெரியாதா? அப்போது அவள் கணவருக்கு இந்த டிரெய்லர் ஓட்டும் வேலை வந்திருந்தது. சேரலாமா வேண்டாமா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் நேரில் கேட்டால் நான் மழுப்புவேன் என்று நினைத்தாளோ என்னவோ, கூட்டத்துக்கு வந்து அட்டையில் கேட்டிருந்தாள்.

‘வண்டி வழியில நின்னு போச்சுன்னா டிரைவர் எங்க நிக்கணும்?’

இதை நான் பதினேழாவது கேள்வியில் சேர்த்தேன். ‘பயணத்தின்போது வாகனம் பழுதடைந்தால் என்ன செய்யப்படும்?’ பதில்: ‘உடன் வரும் பாதுகாப்புக் குழு வாகனத்தைச் சுற்றிக் கயிறு கட்டும். கயிற்றுக்குள் யாரும் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.’ சின்னச் சின்ன வாக்கியம், தெளிவான தமிழ். எழுதி முடித்ததும் தேநீர் குடிக்கப் போனேன்.*

* டிரைவர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கும் பொறியாளர் பதில் தந்திருந்தார்: கேபினுக்கு முன்னால், பெட்டகத்தைவிட்டுத் தள்ளி. அது பணியாளர் கையேட்டில் வருகிற சமாசாரம், பொதுமக்கள் புத்தகத்துக்கு வேண்டாம் என்று நான்தான் வெட்டினேன். பக்கத்தில் இடம் இல்லை. இடம் இல்லை என்பது உண்மை. பின்னட்டை முழுக்க வெறுமையாக இருந்தது என்பதும் உண்மை.

3

இப்போது கதாநாயகர். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் உதறல்.

அவரை டிரைவர்கள் ‘நாற்பது’ என்று கூப்பிடுவார்கள். சாலை எவ்வளவு காலியாக இருந்தாலும் நாற்பதுக்கு மேல் முள் ஏறாது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். இந்த வேலை கிடைத்த அன்று என் வீட்டுக்கு வந்து சொன்னார்: “நாப்பதுல போறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்கக்கா! அதுக்கு மேல போனாதான் திட்டுவாங்களாம். எனக்காகவே ஒரு வேலைய கண்டுபிடிச்சிருக்காங்க.”

(எழுதிப் படித்துப் பார்க்கிறேன். மனிதர் ரொம்ப நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். மெதுவாக ஓட்டுகிறார், சிரிக்கிறார், ‘அக்கா’ என்கிறார். அனுதாபத்தை வாசகர் கையில் நான் திணிப்பது போலிருக்கிறது. ஆகவே குறைகள்: குறட்டை விடுவார். டிவி ரிமோட்டைத் தொடைக்குக் கீழே ஒளித்துவைத்துக்கொள்வார். வேறு யாராவது ஓட்டுகிற வண்டியில் ஏறினால் இறங்கும்வரை புத்திமதி சொல்வார். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் மனிதர் மனிதராக இருக்க மாட்டார். இந்தக் கடைசிக் குறை கதைக்கு முக்கியம்.)

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, இரண்டு ஊர்களுக்கு நடுவே, பிரேக்குக்குக் காற்று போகும் குழாய் பிய்ந்துகொண்டது. டிரெய்லர் நின்றுவிட்டது. நின்றதே தவிர வேறொன்றும் இல்லை. முன்னும் பின்னும் வந்த பாதுகாப்பு வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கிக் கயிறு கட்டினார்கள். ஓட்டுநர் வாகனத்தை விட்டு அகலக்கூடாது என்பது விதி. மாற்றுக் குழாய் வந்து சேர ஐந்து மணி நேரம் ஆனது.

கேபினுக்கு முன்னால் நிற்க வேண்டும். நின்றார். ஒரு மணி நேரம் நின்றார், இரண்டு மணி நேரம் நின்றார். எஞ்சினை நிறுத்தச் சொல்லியிருந்ததால் கேபினுக்குள் அடுப்பு மாதிரிக் காந்தியது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு மரம் கிடையாது. பெட்டகம் ஒன்றுதான் அங்கே உயரமாக இருந்தது. மதியம் திரும்பியதும் அதன் நிழல் ரோட்டோரத்தில் பாய் விரித்ததுபோல் விழுந்தது.

‘அந்த நிழலை நோக்கி அவர் நடந்தபோது அவர் மனதில் ஓடியது என்னவென்றால்’ — இந்த வாக்கியத்தை முடிக்க இரண்டு நாள் முயன்றேன். மரணம், விதி, குழந்தையின் முகம் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். முடியாமல் அவரையே கேட்டேன்.

“பசிச்சுதுக்கா,” என்றார்.

4

தங்கையின் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போடும் இடம். அவர் அன்று திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நிறுத்தி, பின்பக்கமாக வரச் சொல்லியிருக்கிறாள். சட்டையையும் கால்சட்டையையும் கழற்றி பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கக் கட்டி, பின்சுவர் ஆணியில் மாட்டினாள். அவருக்குத் தனித் தட்டு, தனிச் சோப்பு, முன்னறையில் தனிப் படுக்கை. குழந்தை உள்ளறையில்.

அவர் சண்டை போடவில்லை. அறை வாசலில் நின்று குழந்தைக்கு முகத்தை அஷ்டகோணலாக்கிக் காட்டுவார். அது இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தவழ்ந்து வரும். வாசல்வரை வந்ததும் தங்கை தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒரு நாளைக்கு இது எத்தனை முறை நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு ஒரு முறை பார்த்ததே போதும் என்றாகிவிட்டது.

நான் போன அன்று அவள் என் புத்தகத்தை எடுத்து வந்து மடியில் போட்டாள்.

“பதினேழு. படி.”

படித்தேன். கடைசி வரியில் என் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

“கயித்துக்குள்ள யாரும் போக முடியாதுன்னு போட்டிருக்க. அப்ப இவரு யாரு? ஆளே இல்லையா?”

“அது பொதுமக்களுக்காகப் போட்டதுடி. இவரு பணியாளர். அவங்களுக்குக் கதிர்வீச்சு அளவு வேற...”

“வீட்டுக்கு வந்தா பொதுமக்கள்தான? இல்ல, சட்டைய கழட்டுனாதான் பொதுமக்களா?”

முன்னறையிலிருந்து அவர் குரல் வந்தது. “சட்டையதான் அன்னைக்கே கழட்டிட்டேனே.”

“நீங்க சும்மா இருங்க!” என்றாள் தங்கை. பிறகு என்னிடம்: “நான் ஒரு கேள்வி கேட்டேன். ஒரே ஒரு கேள்வி. டிரைவர் எங்க நிக்கணும்னு. அத நீ மாத்தி எழுதி, வேற எதுக்கோ பதில் சொல்லிட்ட. அந்தப் பதில படிச்சிட்டு நானும் சரின்னு தலையாட்டி அனுப்பி வச்சேன்.”

“நிபுணர்கள் சொல்றத கேளு. பெட்டகம் அவ்வளவு கனம், பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தாலும் பெருசா...”

“அந்த நிபுணரோட குழந்தைய கொண்டாந்து இவரு மடியில உக்கார வைக்கச் சொல்லு. அப்புறம் நான் தர்றேன்.”

புத்தகத்தை மூடி அவளிடமே நீட்டினேன்.*

* அவள் செய்ததில் பாதிக்கு அர்த்தமே கிடையாது என்று எந்தப் பொறியாளரும் சொல்லுவார். மூடிய பெட்டகத்தின் பக்கத்தில் உட்கார்ந்ததால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எதுவும் ஒட்டிக்கொள்ளாது. இதையும் சொன்னேன். “உன் புஸ்தகத்துல போட்டிருக்கா?” என்று கேட்டாள். போட்டிருந்தது, இருபத்திரண்டாவது கேள்வி. அதனாலேயே நம்பவில்லை.

5

இங்கே கதையைக் கொஞ்சம் ஓரங்கட்டுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் ஆறுக்குப் போய்விடலாம்.

புதைக்கக்கூடாது என்று சொல்கிறவள் அல்ல நான். விளக்கைப் போட்டுக்கொண்டோம், மிச்சம் விழுந்திருக்கிறது. இப்போது அது அணு உலைக்குப் பக்கத்தில், தொட்டிகளிலும் கொட்டகைகளிலும் இருக்கிறது. அங்கேயும் ஊர் இருக்கிறது, அங்கேயும் எட்டு மாதக் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆழமான பாறைக்குள் வைத்து மூடுவது அதைவிட மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பாறைவரை அது ரோட்டில்தான் போக வேண்டும். ரோடு யாரோ ஒருவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும்.

நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் படித்தவள் என்ற தைரியத்தில் ஒன்று சொல்கிறேன். மக்கள் கதிர்வீச்சைப் பார்த்துப் பயப்படுவதைவிட, ‘யாரும் அச்சப்படத் தேவையில்லை’ என்ற வாக்கியத்தைப் பார்த்து அதிகம் பயப்படுகிறார்கள். அந்த வாக்கியம் புத்தகத்தில் ஒன்பது இடத்தில் வருகிறது. ஒன்பதும் என் கைவேலை.

இன்னொன்று. பத்தாயிரம் வருடம் கழித்து வருகிறவர்கள் தெரியாமல் அந்தச் சுரங்கத்தைத் தோண்டிவிடக்கூடாது. நம் மொழி தெரியாத அவர்களுக்கு என்ன எழுதி வைப்பது என்று யோசிக்க ஒரு குழு போட்டார்கள். எழுதத் தெரிந்தவள் என்று என்னையும் ஒருநாள் கூப்பிட்டார்கள். முள்வேலி மாதிரிக் கல் நடலாம் என்றார் ஒருவர். அலறுகிற முகம் செதுக்கலாம் என்றார் இன்னொருவர். நான் கௌரவமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சிரிப்பு வந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒருத்தி நம்பும்படி ஒரு வாக்கியம் எழுத வக்கில்லை, பத்தாயிரம் வருடத்துக்கு வாக்கியம் எழுதப் போய்விட்டேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

6

இதுவரை உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். சொல்லலாமா கூடாதா என்று ஐந்து பகுதிகளாகத் தள்ளிப்போட்டேன்.

எல்லாப் பயணத்திலும் பெட்டகத்துக்குள் கழிவு இருக்காது. சில பயணங்களில் அதே எடைக்கு கான்கிரீட் கட்டியை வைத்து அனுப்புவார்கள். எது நிஜம், எது கான்கிரீட் என்று வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்பது ஏற்பாடு. வழியில் யாராவது வம்பு செய்ய நினைத்தால் எந்த வண்டி என்று தெரியாமல் குழம்ப வேண்டும். அதே எடை, அதே முத்திரை, அதே கயிறு. டிரைவருக்கும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்குத் தெரியும். நிஜச் சரக்கு போகிற பயணத்துக்கு முன்னால் பாதையோர ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு கடிதம் போகும்: இன்ன நாளில் தயாராக இருங்கள் என்று. அந்தக் கடிதம் எழுத்துப்பிழை பார்க்க என் மேசைக்கு வரும். கான்கிரீட்டுக்குக் கடிதம் கிடையாது. யாரோ அந்தக் காலத்தில் பிழையோடு ஒரு கடிதத்தை அனுப்பி அவமானப்பட்டதால் வந்த வழக்கம். இந்த ஓட்டையை யாரும் கவனிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குக் கடிதம் வரவில்லை.

எங்கள் மக்கள்தொடர்பு மேடத்திடம் போனேன்.

“மேடம், அன்னைக்கு நின்ன வண்டில ஒண்ணுமில்லன்னு அறிவிச்சிட்டா என்ன? ஊரும் அடங்கிடும், என் தங்கச்சியும் அடங்கிடுவா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒண்ணுமில்லன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. ஆஸ்பத்திரி லெட்டர் வரல.”

திட்டுவார் என்று நினைத்தேன். “இத நீங்க சொல்லல, நான் கேக்கல,” என்றார். “சரி, அறிவிச்சிட்டோம்னே வைங்க. அடுத்த தடவ ஒரு வண்டி நின்னா?”

“அத அப்ப பாத்துக்கலாம் மேடம்.”

“அப்ப பாக்க முடியாதும்மா,” என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

எனக்கு அப்போது அது பிடிபடவில்லை. இவர்களுக்கு எதை எடுத்தாலும் சுற்றி வளைத்தால்தான் திருப்தி என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். இறங்குவதற்குள் தங்கையிடம் சொல்லிவிடுவது என்று முடிவாகிவிட்டது. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவள்தான். வேலை போகும், வழக்கும் வரலாம். ஆனால் வாசல்வரை தவழ்ந்து வருகிற அந்தக் குழந்தை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

7

முதல் பிரதியில் இந்தப் பகுதி இப்படி முடிந்தது:

‘“வெறும் கான்கிரீட்டா?” என்றாள் தங்கை. அவள் கண்கள் குளமாயின. குழந்தையை வாரி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர்’

அடித்துவிட்டேன். நான் ஆசைப்பட்டது அது. நடந்தது வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் முன்னறையில். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கடிதம் முதல் கான்கிரீட் வரை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். முடிந்த பிறகும் இரண்டு துணி மடித்தாள்.

“நிஜச் சரக்கா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?”

“என்னடி கேள்வி இது?”

“இதையேதான சொல்லியிருப்ப.”

“இல்ல. சத்தியமா இல்ல.”

“சொல்லியிருப்பக்கா. நான் படுற பாட்ட பாத்துட்டு, புள்ள கைய நீட்டுறத பாத்துட்டு, கான்கிரீட்டுடின்னு இதே மாதிரி வந்து உக்காந்து சொல்லியிருப்ப. நல்ல மனசோடதான் சொல்லியிருப்ப. உனக்கு அதுதான வேலை.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரி. நிஜமாக இருந்திருந்தாலும் நான் அப்படித்தான் போய் உட்கார்ந்திருப்பேன், அதே தாழ்ந்த குரலில். பன்னிரண்டு வருடமாக ஒரே குரலில் எல்லாவற்றையும் சொல்லிப் பழகி, உண்மையைச் சொல்ல எனக்கென்று வேறு குரல் இல்லாமல் போய்விட்டது.

(நீங்களும்தான். அது கான்கிரீட் என்று உங்களிடம் ஒரு பக்கத்துக்கு முன்னால் சொன்னேன். எதை வைத்து நம்பினீர்கள்? கதை எழுதுகிறவள், அதற்கு மேல் அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவள். நம்பாதவர்கள் மேலே எனக்கு வருத்தமில்லை.)

8

தங்கை எழுந்து பின்பக்கம் போனாள். ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் பையைக் குச்சியால் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

“அன்னைக்கு அவரு போட்டிருந்த சட்டை. நீ போட்டுக்கோ.”

அவர் முன்னறையிலிருந்து எழுந்து வந்தார். “ஏய், என்ன விளையாட்டு இது? அக்காவப் போயி...”

“கான்கிரீட்டுன்னுதான சொல்றா. கான்கிரீட்டுக்கு என்ன பயம்? போட்டுக்கட்டும்.”

முடிச்சை அவிழ்த்தேன். வியர்வை நாற்றம் முகத்தில் அடித்தது. பன்னிரண்டு நாள் மூடி வைத்த சட்டை, வேறு எப்படி இருக்கும்? முதுகில் டயர்க் கறை.

எடுக்கக் கை நீட்டினேன். கை நின்றது.

(இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன். எனக்குத் தெரியும், அது கான்கிரீட். நிஜமாகவே இருந்திருந்தாலும் சட்டையில் ஒன்றும் ஒட்டாது, அதுவும் தெரியும். இருபத்திரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதியவளே நான்தான். ஆனாலும் கை நின்றது. ஒரு நொடி, அவ்வளவுதான். நீங்கள் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.)

பிறகு எடுத்து, போட்டிருந்த துணிக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். சட்டைக் கை என் முழங்கையைத் தாண்டித் தொங்கியது, கீழே முட்டிவரை வந்தது. பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். தங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். கை நின்றதை அவள் பார்த்தாளா என்று இன்றுவரை தெரியாது.

குழந்தை தவழ்ந்து வந்து சட்டையின் நுனியைப் பிடித்து இழுத்தது. தங்கை தடுக்கவில்லை. திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொம்மை மாதிரி இருக்கக்கா,” என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே குழந்தையைத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

“பிடிங்க. பன்னெண்டு நாளா என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு.”

அவர் உடனே வாங்கவில்லை. ஓடிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகுதான் வாங்கினார். குழந்தை அவர் மீசையைப் பிடித்துத் தொங்கியது. அவர் வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

கதையை இங்கே நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நான்கைந்து பேராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதுவார்கள்.

9

தங்கை தேநீர் போட உள்ளே போனாள். அவர் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே அறைக்குள் நடந்தார். அந்த நடையும் நாற்பதுதான். ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்து என் எதிரில் நின்றார்.

“நீங்க சொன்னத நான் கேட்டேன்க்கா. கதவு திறந்துதான இருந்துச்சு. நான் நம்புறேன். சட்டைய போடுறதுக்கு முன்னாடியே நம்பிட்டேன்.”

“சந்தோஷம் மாப்பிள்ளை.”

“புதன்கிழமை எனக்கு மறுபடி டிரிப்பு.” குழந்தையின் முதுகில் தட்டுவதை அவர் நிறுத்தவில்லை. “அதுல என்ன இருக்கு?”

மேடம் களைத்த குரலில் சொன்னது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. முதல் தடவை வாயைத் திறக்கும்வரை என் மௌனத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. இனிமேல் நான் பேசாமல் இருந்தாலும் அது ஒரு பதில்தான்.

புதன்கிழமைக்கான ஆஸ்பத்திரிக் கடிதம் வெள்ளிக்கிழமையே என் மேசைக்கு வந்துவிட்டது. மூன்று பிழைகளைத் திருத்தி அனுப்பியிருந்தேன்.

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

‘“கான்கிரீட்தான் மாப்பிள்ளை,” என்றேன்.’ — அவர் நிம்மதியாகப் போவார். வண்டி நின்றால், வெயில் கொளுத்தினால், நம்பி மறுபடி அந்த நிழலில் போய் உட்காருவார். நிஜப் பெட்டகமே ஆனாலும் ஐந்து மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டுவார். அவரை நான் நம்புகிறேன். சட்டைக்கு முன்னால் நின்ற கையும் என்னுடையதுதான்.

‘“நிஜம்,” என்றேன்.’ — அவர் போவார். போகாமல் இருக்க மாட்டார், வேறு ஒரு டிரைவரை அந்த வண்டியில் ஏற்றிவிட்டு வீட்டில் உட்காருகிற ஆள் இல்லை. ஆனால் திரும்பி வந்ததும் வாசலில் நிற்பார். இந்தத் தடவை தங்கை சொல்ல வேண்டியிருக்காது. அவராகவே பின்பக்கமாக வருவார், அவராகவே சட்டையைப் பையில் கட்டுவார். எத்தனை நாள் என்று யாரும் அவருக்குச் சொல்ல முடியாது.

‘“எனக்குத் தெரியாது,” என்றேன்.’ — ஒரு நிமிடம் முன்பு நம்புகிறேன் என்றாரே, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை எழுதக் கை வரவில்லை.

‘தேநீரோடு தங்கை உள்ளே வந்தாள், பேச்சு அத்தோடு நின்றது.’ — இது தப்பித்தல். பன்னிரண்டு வருடமாக நான் செய்கிற தொகுத்தல். இதையும் அடித்துவிட்டேன்.

ஐந்தாவது ஒன்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றலாம். கேள்வியை நான் மாற்றவில்லை, சேர்க்கவில்லை, மெழுகவில்லை. அவர் கேட்டது கேட்டபடியே மேலே இருக்கிறது. அவருக்கு முன்னால் இப்போது நிற்பது நான் இல்லை, நீங்கள்தான்.

என்ன சொல்வதானாலும் மெதுவாகச் சொல்லுங்கள். குழந்தை அவர் தோளிலேயே தூங்கிவிட்டது.